கடல் ஒன்றுதானே, பக்கத்தில் போய் வாழாதா?

கேள்வி இதுதான்: "ராமநாதபுரம் கடற்கரையில் கடல்பசு குறைகிறது, பவளம் வெளுக்கிறது, முத்துச்சிப்பி இல்லை என்று படிக்கிறோம். ஓர் இடம் கெட்டுப்போனால் அங்கே இருக்கும் உயிரினம் பக்கத்தில் நல்ல இடம் பார்த்துப் போய்விடாதா? எல்லாம் ஒரே கடல்தானே? அப்புறம், இடத்தைச் சரிசெய்து கொடுத்தால் திரும்பி வந்துவிடுமா?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலானவை போகாது. போக நினைத்தாலும் போவதற்கு இடம் இருக்காது. நாம் கரையில் நின்று மேலிருந்து பார்ப்பதால் கடல் ஒரே நீலமாகத் தெரிகிறது. உள்ளே வாழ்கிற உயிருக்கு அது தரை, ஆழம், வெளிச்சம், கலங்கல், சூடு, நீரோட்டம் என்று கூறுகூறாகப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் எந்த உயிரும் இவை எல்லாவற்றிலும் கறாராக இருப்பதில்லை. ஏதோ ஒன்றிரண்டில் பிடிவாதமாக இருக்கும், மற்றவற்றில் விட்டுக்கொடுக்கும். எதில் விட்டுக்கொடுக்காது என்று தெரிந்துகொண்டால், அது எதைத் தாங்கும், எதில் அழியும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ராமநாதபுரம் கரையில் இதைப் பார்ப்பது சுலபம், ஏனென்றால் இங்கே இருப்பது ஒரு கடல் அல்ல.

பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். ராமேஸ்வரத்தில் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. வடகடல் ஆழமில்லாதது. பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். தரை சேறும் மணலும். தென்கடல் தெற்கே இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்ததும் கதை தலைகீழாகும். பருவக்காற்று வீசும் மாதங்களில் இரண்டில் ஒன்று கலங்கியிருக்கும், மற்றது தெளிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலத்துண்டு குறுக்கே கிடப்பதால், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு உலகங்கள்.

கடல்பசுவிலிருந்து தொடங்கலாம். இந்தக் கரையில் ஆவுளியா என்றால்தான் பலருக்குத் தெரியும். அது தின்பது கடல்புல்லை. கடல்புல் வேறு, கடற்பாசி வேறு. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடல்புல் நிலத்துச் செடிகளின் உறவு. வேர் உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, மகரந்தத்தைத் தண்ணீரில் விட்டு, விதை வைக்கும். இந்தியாவில் கடல்புல் வகைகள் அதிகம் இருப்பது இந்த இரண்டு கடல்களில்தான்.

சரி, புல் நிறைய இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்கலாம். இங்கேதான் பிடிவாதம் தெரியும். கடல்புல்லில் ஒரு வகை நாடா மாதிரி நீண்டு, ஆள் இடுப்பளவுக்குக்கூட வளரும். பார்க்கச் செழிப்பாக இருக்கும், ஆனால் நார் அதிகம். ஆவுளியா விரும்பித் தேடுவது சின்ன, மெல்லிய வகைகளை. வட்ட இலை விடுகிற ஒன்று, மெலிந்த இலை விடுகிற ஒன்று என்று தரையை ஒட்டிப் படர்கிற எளிய புற்கள். இவற்றில் நார் குறைவு, சத்து அதிகம், செரிப்பது சுலபம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ தின்கிற விலங்குக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆகவே வரைபடத்தில் கடல்புல் பரப்பு இவ்வளவு என்று பச்சை நிறம் அடித்திருப்பதைப் பார்த்து, அவ்வளவும் கடல்பசுவின் மேய்ச்சல் நிலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது மேய்கிற விதமும் முக்கியம். இலையை மட்டும் கடிக்காது, வேரோடு பிடுங்கித் தின்னும். போன வழியெல்லாம் வெறும் மணல் தடமாக நீண்டு கிடக்கும். முதல் பார்வைக்கு இது அழிவு மாதிரிதான் தெரியும். ஆனால் காலியான அந்தத் தடத்தில் முதலில் வந்து படர்வது வேகமாக வளரும் அதே சின்னப் புற்கள்தான். பெரிய, நார்ப்பிடித்த வகைகள் வந்து சேர நாள் ஆகும். அதாவது, மேய்வதன் மூலமே தனக்குப் பிடித்த புல்லை அது தக்கவைத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் கடல்பசுக்களின் சாணத்தைச் சோதித்தபோது முளைக்கக்கூடிய கடல்புல் விதைகள் அதில் இருந்தன. ஓரிடத்தில் தின்றதை இன்னோரிடத்தில் விதைத்தும் விடுகிறது. உயிரினம், வாழிடம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வசதிக்காகத்தான். இங்கே எது எதை உண்டாக்குகிறது என்று பிரிப்பது கஷ்டம்.

புல்லுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு: வெளிச்சம். வெளிச்சம் தரைவரை போகவேண்டும் என்றால் தண்ணீர் ஆழமில்லாமலும் தெளிவாகவும் இருக்க வேண்டும். விசைப்படகு கடல்தரையோடு இழுத்துப்போகும் வலையான இழுவை மடி தரையைச் சுரண்டிப் புல்லைப் பெயர்த்துவிட்டால், அதுவரை வேர் பிடித்து வைத்திருந்த சேறு கிளம்பும். சேறு கிளம்பினால் தண்ணீர் கலங்கும். கலங்கினால் மிச்சம் நிற்கும் புல்லுக்கும் வெளிச்சம் போகாது. கடல்புல் நன்றாக இருக்கும்போது தன் தண்ணீரைத் தானே தெளிய வைக்கிறது; ஓர் அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் அந்தத் திறமையும் போய்விடுகிறது. அதனால்தான் அழிந்த புல்வெளி, மடி ஓடுவது நின்ற பிறகும் பல இடங்களில் தானாகத் திரும்புவதில்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே ஆழமில்லாத கரையோரம். ஆவுளியாவுக்குப் புல் வேண்டும், ஆகவே அதுவும் கரையோரம். மீன்பிடி வலையும் படகும் நெருக்கமாக இருப்பதும் அதே கரையோரம். "பக்கத்தில் போகாதா" என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஆழத்துக்குப் போனால் வலை குறைவு, ஆனால் சாப்பாடு இல்லை. இலங்கையின் தலைமன்னார்ப் பக்கம் போகலாம்தான், அதற்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் அங்கேயும் புல் இருப்பது கரையோரத்தில்தான்.

கடல்பசுவுக்குக் கிடைக்கிற கவனம் அதே புல்வெளியில் இருக்கிற மற்றதுக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை. கடல்குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான நீச்சல்காரன். வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எதிரே மிதந்து வரும் பொடி இரையை உறிஞ்சித் தின்று வாழ்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்று இல்லையென்றால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். கடல்தரையில் ஊர்ந்து வாழும் வெள்ளைக் கடலட்டையின் குஞ்சு சில வாரங்கள் தண்ணீரில் மிதந்துவிட்டு முதலில் உட்காருவது கடல்புல்லின் இலைமேல். வளர்ந்த பிறகுதான் மணலுக்கு இறங்கும். இறங்கியதும் மணலை விழுங்கி, அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுத்தமாக வெளியே தள்ளும். கடலட்டை, கடல்குதிரை இரண்டையும் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி தடை. ஆனால் குஞ்சு உட்காரும் இலையைப் பெயர்க்கிற மடியை அந்தத் தடை தொடுவதில்லை. ஓரா மீன் புல்லையே தின்னும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் அங்கேதான். நாம் சந்தையில் விலை கேட்கிற பாதிக்கு அங்கேதான் தொட்டில்.

அடுத்தது சங்கும் முத்துச்சிப்பியும். கீழக்கரை, தூத்துக்குடி வியாபாரத்தில் இரண்டும் சேர்ந்தே பேசப்பட்டன, ராமநாதபுரம் சேதுபதிகளுக்கு வருமானம் தந்தவை. மூழ்கி எடுக்கும் குளிப்பவர்களும் பல சமயம் அதே ஆட்கள். ஆனால் கடலுக்கு அடியில் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அல்ல. முத்துச்சிப்பிக்குக் கெட்டியான தரை வேண்டும். நூல் நூலாக ஒன்றைச் சுரந்து பாறையில் தன்னைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பாறைத்தரையைத்தான் பார் என்கிறோம். சங்கு மணலுக்கு உரியது. அதுவும் எந்த மணலும் அல்ல. அது தின்பது மணலுக்குள் இருக்கும் புழுக்களையும் சின்னச் சிப்பிகளையும். அதனால் புழு நிறைந்த மென்மணல் வேண்டும். குளிப்பவர்கள் அதைப் பூச்சி மணல் என்று தனியே பிரித்துச் சொன்னார்கள். கையால் அள்ளிப் பார்த்தே இங்கே சங்கு உண்டு, இல்லை என்று கணிக்கிற அறிவு அது.

இனப்பெருக்கத்திலும் இரண்டும் எதிரெதிர். முத்துச்சிப்பி முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும். குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீரோட்டத்தோடு அலைந்துவிட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாரின்மேல் விழும். விழாவிட்டால் அவ்வளவுதான். ஒரு பார் சில ஆண்டுகள் நிறைந்திருப்பதும், பிறகு பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடப்பதும் முத்துக்குளிப்புக் காலம் முழுக்க நடந்திருக்கிறது. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். சங்கு அப்படி அல்ல. கொம்பு மாதிரி வளைந்த ஓர் உறையில் முட்டைகளை அடுக்கி, உறையின் ஒரு முனையை மணலில் ஊன்றிவிடும். உள்ளே இருந்து முழுச் சங்குக் குஞ்சாகவே ஊர்ந்து வெளியே வரும். மிதக்கும் பருவமே கிடையாது. இதனால் ஒரு நன்மை, ஒரு ஆபத்து. நீரோட்டத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை, அது நன்மை. ஆனால் ஒரு மணல்திட்டில் சங்கு முழுக்கத் தீர்ந்துவிட்டால், தூரத்திலிருந்து மிதந்துவந்து குடியேறக் குஞ்சு இல்லை. பக்கத்துத் திட்டிலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். குஞ்சுச் சங்கை எடுக்கக் கூடாது என்று பழைய குளிப்பு முறைகளில் அளவு பார்த்துக் கடலில் திரும்பப் போட்டதற்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது.

ஆமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேராமை வளர்ந்தபின் கடல்புல் தின்னும். அழுங்காமை பவளப்பாறை இடுக்கில் பஞ்சுயிரி தின்னும். பங்குனி ஆமை நண்டு, இறால், சொறி (ஜெல்லி மீன்) என்று கிடைத்ததைத் தின்னும். ஒரே கடலில் மூன்று ஆமை, மூன்று பந்தி, சண்டை இல்லை. சாப்பாட்டில் இவ்வளவு தாராளமான பங்குனி ஆமை முட்டையிடும் மணலில் மட்டும் கறார். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே மணலின் சூடுதான். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். கரையை அரிப்புத் தடுப்புக் கல்லால் மூடிவிட்டால், கடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடம் ஆமைக்கு இல்லை.

இனி பவளம். இங்கே விஷயம் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் பவளம் தன் வீட்டைத் தானே கட்டுகிறது, கட்டிய வீட்டில் மற்றவர்களையும் குடிவைக்கிறது. மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு பவளப்பூச்சியின் சதைக்குள்ளும் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குப் பெரும்பங்கைக் கொடுக்கிறது, நிறத்தையும் கொடுக்கிறது. தண்ணீர் சூடு வழக்கத்தைவிட ஓரிரண்டு டிகிரி ஏறி வாரக்கணக்கில் நின்றால் இந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். பவளம் வெள்ளையாகிறது. உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பும். இங்கே கோடையில் தண்ணீர் இயல்பாகவே 30 டிகிரியைத் தொட்டு நிற்கிறது. அதாவது இந்தப் பவளங்கள் ஆண்டுதோறும் தங்கள் எல்லைக்கு மிக அருகில் வாழ்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் எல்லை தாண்டியது, பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. அப்போதும் எல்லாம் ஒரே மாதிரி சாகவில்லை. மான்கொம்பு போல் கிளைக்கும் வகைகள் வேகமாக வளரும், வேகமாகச் செத்தன. பாறாங்கல் மாதிரி உருண்டு திரண்ட வகைகள் மெதுவாக வளரும், அவை பலவும் தாங்கின. பாறை அப்படியே இருக்கிறதே என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் கிளைகளுக்குள் ஒளிந்து வாழ்ந்த குட்டி மீனுக்கு உருண்டைப் பவளத்தில் இடம் இல்லை.

இதற்கு முன்னாலேயே ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுப்பது பல பத்தாண்டுகள் நடந்தது. இந்தத் தீவுப் பகுதியை 1986-ல் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்த பிறகும் இரண்டாயிரங்களின் நடுப்பகுதி வரை அது முழுக்க நிற்கவில்லை. தீவுகளின் மணலே பவளம் பொடிந்த மணல். அலையை உடைத்துக் கொடுப்பதும் பவளப்பாறை. அதை எடுத்தால் தீவு நிற்காது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. ஓர் உயிரினம் அழிந்தால் வாழிடமே வரைபடத்திலிருந்து மறையும் என்பதற்கு வேறு ஊருக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஓர் உயிரை அதன் சொந்த இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே கதை உண்டு. கப்பாபைகஸ் என்ற பாசி தென்கிழக்கு ஆசியக் கடலுக்கு உரியது. ஐஸ்கிரீம் முதல் மருந்து வரை பயன்படும் கெட்டிப்படுத்தும் பொருளுக்காக உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் கட்டி வணிக அளவில் வளர்க்கத் தொடங்கினார்கள். தேசியப் பூங்காத் தீவுகள் பக்கம் வளர்க்கக் கூடாது என்றுதான் விதி. ஆனால் 2008-ல் தென்பக்கம் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இதற்கு விதை பரவ வேண்டியதில்லை, உடைந்த துண்டு ஒன்று போதும். மான்கொம்புப் பவளத்தின் கிளைகளில் மாட்டி, பாய் விரித்த மாதிரி மூடி, கீழே வெளிச்சத்தை நிறுத்திவிடும். பிடுங்கினால் கிளையிடுக்கில் நிற்கும் சின்ன மிச்சமே மறுபடி வளரும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரையில் சீமைக்கருவேலம் செய்ததைக் கடலுக்குள் இது செய்கிறது. இரண்டுமே ஏழைகளுக்கு உதவும் என்று சொல்லித்தான் வந்தன, வருமானமும் உண்மையிலேயே வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சீமைக்கருவேலக் கரிமூட்டத்தை நம்பி வாழும் குடும்பங்கள் மாதிரி, மிதவைப் பாசியை நம்பி வாழும் பெண்களும் இருக்கிறார்கள். வடகடலில் வளர்ப்பதை எதிர்ப்பவன் அல்ல நான். தீவுகள் பக்கம் ஒரு துண்டுகூடப் போகக் கூடாது என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

பாசி பற்றிப் பேசும்போது, பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிட முடியாது. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கல்லில் இருக்கும், கஞ்சிப்பாசி எங்கே மண்டும், எந்த மாதம் எடுக்காமல் விட்டால் அடுத்த தடவை தழைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தேசியப் பூங்கா வந்ததும் அவர்களைத் தீவுகளிலிருந்து விலக்கியது சட்டம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கையால் எடுப்பவரையும் மடி இழுப்பவரையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

கரைக்கு ஏறிவிட்டால் விஷயங்கள் கொஞ்சம் எளிது. தனுஷ்கோடி மணல்மேட்டில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேலே மணல் விழ விழ அதைத் தாண்டி வளர்வது அவற்றின் குணம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்தி மரங்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சு முட்டும் என்பதால் மூச்சுவேர்களை மேலே நீட்டுகின்றன, அதிக உப்பை இலைவழியே கசிய விடுகின்றன. தனுஷ்கோடி உப்பங்கழிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைக்குப் பிடிவாதம் தண்ணீரின் அளவில். தலையைத் தலைகீழாக்கி, காலால் சேற்றைக் கிளறி, அலகில் வடிகட்டித் தின்னும் பறவை அது. நீர் கால் அளவுக்கு நின்றால் போதும், மழை பொய்த்துக் கழி காய்ந்தால் வேறிடம் பார்க்கும். "பக்கத்தில் போகாதா" என்று கேட்டீர்களே, போக முடிகிற உயிர் இது. இறக்கை இருக்கிறது, அலையும் பழக்கம் இருக்கிறது, குஞ்சு பொரிப்பதும் இங்கே அல்ல. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு அந்த வசதி இல்லை. கண்மாயில் நீரும் மீனும் இருக்க வேண்டும், நீருக்கு நடுவே நாட்டுக்கருவேலம் நிற்க வேண்டும், குஞ்சு பறக்கும்வரை நீர் வற்றாமல் இருக்க வேண்டும். ஒன்று தவறினால் அந்த ஆண்டு கூடு இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சரிசெய்து கொடுத்தால் திரும்பி வருமா? உயிருக்கு உயிர் பதில் மாறும். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு பின்னி, அதில் கடல்புல்லை முடிந்து தரையில் வைத்தால், தண்ணீர் தெளிவாக இருக்கும் இடங்களில் பிடித்துக்கொள்கிறது. பாக் விரிகுடாவில் இதைச் செய்திருக்கிறார்கள். கலங்கிய இடத்தில் நட்டால் பணம்தான் வீண். பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்க்கும் வேலை தூத்துக்குடியிலிருந்து 2002 முதல் நடக்கிறது. துண்டுகள் வளர்கின்றன. ஆனால் அடுத்த வெப்ப அலை வரும்போது நட்டது, நடாதது என்று அது பார்ப்பதில்லை.

ஆவுளியாவின் கணக்குத்தான் எல்லாவற்றிலும் கடினம். குட்டி போடும் வயதுக்கு வரவே ஏறக்குறைய பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள். எல்லாம் சாதகமாக இருந்தாலும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்குமேல் கூடாது. நூறு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வலையில் சிக்கி ஆண்டுக்கு ஐந்து செத்தாலே வளர்ச்சி நின்றுவிடும். புல்வெளியை எவ்வளவு அழகாக மீட்டாலும் பயன் இல்லை. 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் அந்த எல்லை ராமநாதபுரம் கரைக்கு வரவில்லை. இங்கே இப்போதைக்கு மிக அதிகப் பலன் தரக்கூடியது வலையில் மாட்டியதை உடனே அவிழ்த்துவிடுவதுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு அது, வலைக்காரர் கரைக்குத் தகவல் சொல்லி ஆள் வரும்வரை தாங்காது. வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துவருகிறது. அந்தத் தொகை அறுந்த வலையின் விலைக்காவது வந்தால்தான் அது வேலை செய்யும்.